பிஎல்சி ஓடவில்லையா? விளக்கைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

பிஎல்சி (மெஷினைப் புரோகிராம் வழியாக ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டி) புதிதாகப் படிக்கிறவர்கள் பழுது என்றதும் லேப்டாப்பைத் திறக்கிறார்கள். புரோகிராமை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தே அரை மணி நேரம் ஓடிவிடும். கடைசியில் பார்த்தால் ஏதாவது ஒரு சென்சார் ஒயர் அறுந்து தொங்கும். அதனால் பேனல் கதவைத் திறக்கும்போதே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த மெஷின் நேற்று வரை ஓடியதா, இன்றைக்குத்தான் முதன்முதலாக ஓட்டுகிறோமா? நேற்று வரை ஓடிய புரோகிராம் ராத்திரியோடு ராத்திரியாக மாறிவிடாது. அங்கே பழுது பெரும்பாலும் வெளியில் இருக்கும்: ஒயர், சென்சார், ஃபியூஸ், கான்டாக்டர் (காயில் இழுத்து மோட்டாருக்குக் கரன்ட்டை இணைக்கும் சுவிட்ச்). இன்றைக்கு எழுதிய புரோகிராம் என்றால் இரண்டு பக்கத்தையும் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது சிக்னல் போகும் பாதை. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் 24 வோல்ட் ஒயர் வழியாக இன்புட் டெர்மினலுக்கு வருகிறது. இன்புட் விளக்கு எரிகிறது. பிஎல்சியின் மூளையான சிபியு அதைப் படித்து, புரோகிராமை ஓட்டி, அவுட்புட் விளக்கை எரிய வைக்கிறது. அங்கிருந்து ரிலேக்கோ கான்டாக்டருக்கோ போய் மோட்டார் சுற்றுகிறது. பிஎல்சி முகத்தில் இருக்கும் அந்த இரண்டு வரிசைக் குட்டி விளக்குகள் இந்தப் பாதையை மூன்று துண்டாக வெட்டிக் கொடுக்கின்றன. இன்புட் விளக்குக்கு முன்னால் இருப்பது எல்லாம் ஒயரிங். இரண்டு விளக்குகளுக்கும் நடுவில் இருப்பது புரோகிராம். அவுட்புட் விளக்குக்குப் பின்னால் மறுபடியும் ஒயரிங். பட்டனை ஒருவர் அழுத்த, இன்னொருவர் விளக்கைப் பார்த்தால் எந்தத் துண்டில் பழுது என்று பத்து விநாடியில் தெரிந்துவிடும். கீழே சொல்கிற எல்லாமே இந்தப் பாதையில் நின்று பார்ப்பதுதான். உதாரணத்துக்கு சீமென்ஸ் எஸ்7-1200, மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யூ இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். உங்களிடம் வேறு கம்பெனியுடையது இருந்தால் டெர்மினல் பெயர்களை மட்டும் அதன் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு முன்னால்: சோதிக்கும்போது மோட்டாருக்குப் போகும் எம்சிபியை (பிரேக்கர் சுவிட்சை) இறக்கிவிடுங்கள். ஏர் சிலிண்டர் இருந்தால் காற்றை மூடி, லைனில் மிச்சம் இருப்பதையும் வெளியே விடுங்கள். ஒரு இன்புட் ஒயரைத் தொட்டுப் பார்த்ததற்கு சிலிண்டர் பாய்ந்து விரல் நசுங்கியவர்கள் உண்டு. இந்த ஒரு நிமிஷத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரு விளக்கும் எரியவில்லை

கரன்ட் வரும் வழியிலேயே நடந்து போங்கள்: எம்சிபி, எஸ்எம்பிஎஸ் (230 வோல்ட் ஏசியை 24 வோல்ட் டிசியாக மாற்றும் பெட்டி) உள்ளே 230 வோல்ட், எஸ்எம்பிஎஸ் வெளியே 24 வோல்ட், ஃபியூஸ், அப்புறம் பிஎல்சி டெர்மினல். மீட்டரில் 24 எங்கே காணாமல் போகிறதோ அங்கே பழுது. எஸ்எம்பிஎஸ் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வெளியே எங்கோ ஷார்ட். பிஎல்சியைக் குறை சொல்வதற்கு முன்னால் 24 வோல்ட் லைனில் இருக்கும் லோடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

புது பிஎல்சி வாங்கி மாட்டுகிறவர்கள் பக்கவாட்டு லேபிளைப் படித்தே ஆக வேண்டும். எஸ்7-1200இல் ஏசி/டிசி/ரிலே என்று இருந்தால் சிபியுவுக்கு ஏசி சப்ளை, இன்புட் டிசி, அவுட்புட் ரிலே என்று பொருள். டிசி/டிசி/டிசி என்றால் சிபியுவுக்கே 24 வோல்ட் டிசி, அவுட்புட் டிரான்சிஸ்டர். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். டிசி ரகத்துக்கு 230 கொடுத்தால் அதோடு முடிந்தது.

பவர் இருக்கிறது, ரன் வரவில்லை

எஸ்7-1200இல் ரன்/ஸ்டாப் விளக்கு பச்சை என்றால் ஓடுகிறது, மஞ்சள் என்றால் நிற்கிறது. பக்கத்தில் எரர் விளக்கு சிவப்பாக மின்னினால் லேப்டாப்பை மாட்டி டயக்னாஸ்டிக் பஃபரைப் படியுங்கள். என்ன நடந்தது என்று நேரத்தோடு அதிலேயே எழுதியிருக்கும். எஃப்எக்ஸ்3யூவில் ரன்/ஸ்டாப் சுவிட்ச் ஒன்று கையால் தள்ளுகிற மாதிரி இருக்கும்; பேனலைச் சுத்தம் செய்கிறவர் துணி பட்டுக்கூட அது ஸ்டாப்புக்குப் போயிருக்கலாம். அதில் எரர் விளக்கு மின்னினால் புரோகிராமில் பிழை, விடாமல் எரிந்தால் சிபியு கோளாறு அல்லது வாட்ச்டாக், அதாவது ஸ்கேன் நேரத்தைக் கண்காணிக்கும் டைமர். ஒரு ஸ்கேன் (இன்புட்டைப் படித்து, புரோகிராமை ஓட்டி, அவுட்புட்டை அனுப்பும் ஒரு சுற்று) முடிய அதிக நேரம் பிடித்தால் பிஎல்சி தானே நின்றுவிடும்: முன்கூட்டியே வைத்திருக்கும் அளவு எஸ்7-1200இல் 150 மில்லி விநாடி, எஃப்எக்ஸில் 200. ஜம்ப் போட்டு மேலே திரும்பிப் போகிற லூப் எழுதியிருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

கான்டாக்டர் இழுக்கும்போதோ விடும்போதோ மட்டும் பிஎல்சி அணைந்து எரிகிறதா? மீட்டரை 24 வோல்ட் லைனில் வைத்துக்கொண்டு கான்டாக்டரை இழுக்க விடுங்கள். வோல்டேஜ் சரிந்தால் எஸ்எம்பிஎஸ்ஸின் பலம் போதவில்லை. சரியாமலே, கான்டாக்டர் விடும்போது ரீசெட் ஆனால் காயிலில் இருந்து வரும் ஸ்பைக், அதாவது ஒரு கணம் எகிறும் வோல்டேஜ். டிசி காயிலுக்குக் குறுக்கே டையோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். ஏசி காயிலுக்கு ஆர்சி ஸ்னப்பர் (ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்த ஜோடி).

சென்சார் விளக்கு எரிகிறது, இன்புட் விளக்கு எரியவில்லை

படிக்கிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது மாட்டிக்கொள்கிற இடம் இது. மூன்று ஒயர் ப்ராக்ஸிமிட்டி சென்சாரில் பிரவுன் ஒயர் பிளஸ் 24, நீலம் 0 வோல்ட், கறுப்பு சிக்னல். முன்னால் இரும்பைக் காட்டினால் சென்சார் முதுகில் இருக்கும் விளக்கு எரியும். சென்சார் நன்றாக இருக்கிறது என்று திருப்திப்பட்டு, பிஎல்சி கெட்டுவிட்டதாக முடிவு கட்டிவிடுவார்கள்.

அந்த விளக்கு சென்சார் பார்த்துவிட்டது என்பதை மட்டும் சொல்கிறது. கறுப்பு ஒயரில் என்ன வருகிறது என்பது சென்சாரின் ரகத்தைப் பொறுத்தது. பிஎன்பி சென்சார் கறுப்பு ஒயரில் பிளஸ் 24ஐக் கொடுக்கும். என்பிஎன் சென்சார் கறுப்பு ஒயரை 0 வோல்ட்டோடு சேர்த்துவிடும். மீட்டரால் பிரிக்கலாம். இரும்பைக் காட்டிக்கொண்டே கறுப்புக்கும் 0 வோல்ட்டுக்கும் நடுவே அளந்தால் 24 பக்கம் வந்தால் பிஎன்பி. பிளஸ் 24க்கும் கறுப்புக்கும் நடுவே அளந்தால் 24 வந்தால் என்பிஎன்.

இன்புட் விளக்கு எரிய வேண்டுமென்றால் கரன்ட் ஒரு வட்டம் சுற்றியாக வேண்டும். அந்த வட்டத்தை முடித்து வைப்பது காமன் டெர்மினல். எஸ்7-1200இல் அதன் பெயர் 1எம். பிஎன்பி சென்சார் என்றால் 1எம்ஐ 0 வோல்ட்டில் கொடுங்கள், என்பிஎன் என்றால் பிளஸ் 24இல் கொடுங்கள். எஃப்எக்ஸ்3யூவில் அதே வேலையை எஸ்/எஸ் டெர்மினல் செய்கிறது: பிஎன்பிக்கு எஸ்/எஸ்ஸை 0 வோல்ட்டோடு லூப் போடுங்கள், என்பிஎன்னுக்கு 24 வோல்ட்டோடு. எஸ்/எஸ்ஸை எதிலுமே சேர்க்காமல் விட்டால் ஒரு இன்புட்டும் எரியாது. புதிதாக மாட்டிய பேனலில் எல்லா இன்புட்டும் செத்தது போல் கிடந்தால் நான் முதலில் பார்ப்பது இந்தக் குட்டி லூப் ஒயரைத்தான்.

சிங்க், சோர்ஸ் என்ற வார்த்தைகளை நம்பி ஒயரிங் செய்யாதீர்கள். பிஎன்பி சென்சார் மாட்டுகிற இன்புட்டை சீமென்ஸ் சிங்க் என்கிறது, மிட்சுபிஷி சோர்ஸ் என்கிறது. ஒருவர் பிஎல்சிக்குள் போகும் கரன்ட்டைப் பார்த்துப் பெயர் வைக்கிறார், இன்னொருவர் எதிரில் இருக்கும் சென்சாரைப் பார்த்து வைக்கிறார். கரன்ட் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தால் இந்தக் குழப்பமே வராது. இன்னொன்று, ஒரே காமனில் இருக்கும் இன்புட்டுகளில் பிஎன்பியையும் என்பிஎன்னையும் கலந்து மாட்ட முடியாது. கடையில் கிடைத்தது வேறு ரகமாகப் போய்விட்டால் நடுவில் ஒரு சின்ன ரிலே வைத்துத் திருப்பிக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிராக, இன்புட் விளக்கு அணையவே மாட்டேன் என்று எரிந்தால் இரண்டு ஒயர் சென்சாரா என்று பாருங்கள். அது அணைந்திருக்கும்போதும் கொஞ்சம் கரன்ட்டைக் கசிய விடும். எஸ்7-1200 இன்புட்டில் 15 வோல்ட்டுக்கு மேல் என்றால் ஆன், 5 வோல்ட்டுக்குக் கீழே என்றால் ஆஃப். நடுவில் நின்றால் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது.

இன்புட் எல்லாம் சரி, ஸ்டார்ட் அழுத்தினால் மோட்டார் கிளம்பவில்லை

ஸ்டாப் பட்டனைப் பாருங்கள். ஸ்டாப் பட்டன் என்சி, அதாவது அழுத்தாதபோது மூடியிருப்பது; என்ஓ அதற்கு நேர் எதிர். லேடர் என்பது ஏணி போல வரையும் பிஎல்சி புரோகிராம்; அதன் ஒரு படி ரங், ரங்கின் முடிவில் வரும் அவுட்புட் சின்னம் காயில். ‘பட்டன் என்சி, அதனால் லேடரிலும் என்சி சின்னம் போட வேண்டும்’ என்று நினைத்துக் கோடு குறுக்கே போட்ட கான்டாக்டைப் போட்டுவிடுவார்கள். மோட்டார் கிளம்பாது. இன்னும் விசித்திரம், ஸ்டாப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டை அழுத்தினால் கிளம்பும்.

காரணம் இது. வெளியில் இருப்பது எந்தப் பட்டன் என்று பிஎல்சிக்குத் தெரியாது. டெர்மினலில் 24 வோல்ட் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். என்சி ஸ்டாப் பட்டனை யாரும் தொடாதபோது 24 வோல்ட் வந்துகொண்டே இருக்கும், இன்புட் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். லேடரில் என்ஓ சின்னம் ‘இந்த பிட் ஒன்றாக இருந்தால் வழி விடு’ என்கிறது. என்சி சின்னம் ‘இந்த பிட் பூஜ்ஜியமாக இருந்தால் வழி விடு’ என்கிறது. நமக்கு வேண்டியது, விளக்கு எரியும்போது வழி விடுவது. ஆகவே வெளியில் என்சி பட்டன், உள்ளே என்ஓ சின்னம்.

சிலர் இதைச் சரி செய்ய லேடரைத் தொடாமல் பட்டனை என்ஓவாக மாற்றிவிடுகிறார்கள். மோட்டார் அப்போது ஒழுங்காகக் கிளம்பும், ஒழுங்காக நிற்கும். ஆனால் என்றைக்காவது அந்த ஸ்டாப் ஒயரை எலி கடித்துவிட்டால், அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. என்சியாக இருந்தால் ஒயர் அறுந்த அந்த நொடியே மோட்டார் நின்றுவிடும். எமர்ஜென்சி ஸ்டாப்பில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். அது கான்டாக்டர் காயிலுக்குப் போகும் சப்ளையை நேராகவோ சேஃப்டி ரிலே வழியாகவோ ஒயரிலேயே வெட்ட வேண்டும். பிஎல்சிக்குத் தகவல் சொல்ல இன்னொரு கான்டாக்ட் கொடுத்தால் போதும். மனித உயிரைச் சாதாரணப் பிஎல்சி புரோகிராமின் பொறுப்பில் மட்டும் விடக் கூடாது.

ஸ்டார்ட்டில் இருந்து கையை எடுத்ததும் மோட்டார் நின்றால், ஸ்டார்ட் கான்டாக்ட்டுக்கு இணையாக அவுட்புட்டின் சொந்தக் கான்டாக்டைப் போட மறந்திருக்கிறீர்கள். பழைய ரிலே பேனலில் ஹோல்டிங் கான்டாக்ட் போடுவதும் இதுவும் ஒன்றுதான்.

மானிட்டரில் காயில் எரிகிறது, அவுட்புட் விளக்கு எரியவில்லை

லேப்டாப்பில் ரங் முழுக்கப் பச்சையாக இருக்கும். பிஎல்சியில் அந்த அவுட்புட் இருட்டாக இருக்கும். ஒரே காயிலை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்களா என்று கிராஸ் ரெஃபரன்ஸில் தேடுங்கள். ஆட்டோவுக்கு ஒரு ரங், மேனுவலுக்கு ஒரு ரங் என்று எழுதி, இரண்டின் முடிவிலும் ஒய்0 என்ற ஒரே அவுட்புட்டின் காயிலைப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும். பிஎல்சி இன்புட்டுகளை ஒரு தடவை படித்து, மேலிருந்து கீழே புரோகிராமை ஓட்டி, கடைசியில்தான் அவுட்புட்டை வெளியே அனுப்புகிறது. மேல் ரங் ஒய்0ஐ ஒன்று ஆக்கியது, கீழ் ரங் பூஜ்ஜியம் ஆக்கியது என்றால் வெளியே போவது பூஜ்ஜியம். ஆட்டோவுக்கு எம்0, மேனுவலுக்கு எம்1 என்று உள் ரிலேக்களை வைத்து, கடைசியில் ஒரே ரங்கில் இரண்டையும் இணையாகப் போட்டு ஒய்0ஐ ஓட்டுங்கள்.

இரண்டு காயில் இல்லையா? எஸ்7-1200 என்றால் மெயின்ட் விளக்கைப் பாருங்கள். மஞ்சள் நிலையாக எரிந்தால் யாரோ ஃபோர்ஸ் (புரோகிராமை மீறி ஒரு இன்புட்டையோ அவுட்புட்டையோ கட்டாயமாக வைப்பது) போட்டுவிட்டு எடுக்க மறந்திருக்கலாம். கரன்டை அணைத்துப் போட்டாலும் ஃபோர்ஸ் போகாது. ஆன்லைனில் போய் எடுத்தால்தான் உண்டு.

அவுட்புட் விளக்கு எரிகிறது, கான்டாக்டர் இழுக்கவில்லை

ரிலே அவுட்புட் தன்னிடமிருந்து கரன்ட் எதையும் கொடுக்காது. உள்ளே இருப்பது வெறும் சுவிட்ச். 1எல் போன்ற காமனில் நீங்கள் கொடுக்கும் சப்ளையைத்தான் அது அவுட்புட் டெர்மினலுக்குச் சேர்த்துவிடுகிறது. முதலில் காமனில் சப்ளை அளக்கவும். காமனில் சப்ளை இருந்தும் அவுட்புட் டெர்மினலில் இல்லை என்றால் உள் ரிலேயின் கான்டாக்ட் எரிந்திருக்கிறது. அவுட்புட்டிலும் இருந்தால் காயில், நியூட்ரல், ஓவர்லோடு ரிலேயின் கான்டாக்ட் என்று வெளியே போங்கள். ஓவர்லோடு ட்ரிப் ஆகி நிற்பதைப் பார்க்காமல் பிஎல்சியை மாற்றத் துணிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விளக்கு அணைந்த பிறகும் கான்டாக்டர் விடவில்லை என்றால் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எஸ்7-1200இன் ரிலே அவுட்புட் 2 ஆம்பியர் வரைக்கும்தான், டிரான்சிஸ்டர் அரை ஆம்பியர். பெரிய கான்டாக்டருக்கு நடுவில் இன்டர்ஃபேஸ் ரிலே வையுங்கள். அந்த ரிலே போனால் பிடுங்கி வேறு செருகிவிடலாம்.

எண்ணிக்கையும் நேரமும் தப்பாக வருகின்றன

எஃப்எக்ஸ்3யூவில் டைமர் பத்து மடங்கு வேகமாக முடிகிறதா? டி0 முதல் டி199 வரை 100 மில்லி விநாடி டைமர், டி200 முதல் டி245 வரை 10 மில்லி விநாடி டைமர். டி0க்கு கே50 (50 என்ற எண்) கொடுத்தால் 5 விநாடி, டி200க்கு அதையே கொடுத்தால் அரை விநாடி. அதே பிஎல்சியில் இன்புட் எண்கள் எட்டின் கணக்கில் போகும்: எக்ஸ்7க்கு அடுத்தது எக்ஸ்10. எக்ஸ்8ஐத் தேடினால் கிடைக்காது.

பட்டனை ஒரு தடவை அழுத்தினால் எண் இருபது முப்பது கூடினால், கூட்டல் ஒவ்வொரு ஸ்கேனிலும் நடக்கிறது. ஒன்று கூட்டும் ஐஎன்சி இருக்கும் இடத்தில், அழுத்திய கணத்தில் ஒரு தடவை மட்டும் கூட்டும் ஐஎன்சிபி போடுங்கள், சீமென்ஸில் பாசிட்டிவ் எட்ஜ் போடுங்கள்.

எண்ணிக்கை குறைந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 பல் உள்ள கியர் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் விநாடிக்கு 100 பல்ஸ். ஒரு பல்ஸ் 10 மில்லி விநாடி, அதில் ஆன் ஏறக்குறைய 5. எஸ்7-1200இன் இன்புட் ஃபில்டர் மாற்றாமல் விட்டால் 6.4 மில்லி விநாடி. அதைவிடக் குட்டியான பல்ஸை அது சத்தம் என்று நினைத்துத் தள்ளிவிடும். ஹை ஸ்பீடு கவுன்டருக்கு மாறுங்கள், கூடவே அந்த இன்புட்டின் ஃபில்டரையும் குறையுங்கள். ஃபில்டரைக் குறைக்காமல் கவுன்டரை மட்டும் மாற்றிவிட்டு எண் வரவில்லை என்று தவிப்பதும் அடிக்கடி நடக்கிறது.

தொட்டி காலி, திரையில் 20 சதவீதம்

எஸ்7-1200 சிபியுவில் உள்ள அனலாக் இன்புட் 0 முதல் 10 வோல்ட். 4-20 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்மிட்டரை 500 ஓம் ரெசிஸ்டர் வைத்து மாட்டினால் 4 மில்லி ஆம்பியரில் 2 வோல்ட், 20இல் 10 வோல்ட். முழு அளவு 27648 என்பதால் காலித் தொட்டிக்கே 5530 வரும். ஸ்கேலிங்கை 0இல் தொடங்காமல் 5530இல் தொடங்குங்கள். அளவு 0க்கே விழுந்தால் தொட்டியைப் பார்க்க வேண்டாம், ஒயரைப் பாருங்கள். நல்ல ஒயரில் 4 மில்லி ஆம்பியர் எப்போதும் இருக்கும். மோட்டார் டிரைவ் ஓடும்போது மட்டும் அளவு துள்ளினால் சிக்னல் ஒயரை பவர் கேபிளோடு ஒரே டக்டில் விட்டிருக்கிறார்கள். பிரித்து, ஷீல்டு ஒயரை எடுத்து, ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள்.

லேப்டாப் சேரவில்லை

பிஎல்சி 192.168.0.1 என்றால் லேப்டாப்புக்கு 192.168.0.10, மாஸ்க் 255.255.255.0. வைஃபையை அணையுங்கள், பிங் செய்யுங்கள். பிங் வந்தும் சாஃப்ட்வேர் பார்க்கவில்லை என்றால் தவறான நெட்வொர்க் கார்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். எஃப்எக்ஸ்3யூவின் உருண்டை போர்ட்டுக்கு டிவைஸ் மேனேஜரில் காம் எண்ணைப் பார்த்து அதையே சாஃப்ட்வேரில் கொடுங்கள்.

கரன்ட் போய் வந்தால் எண்ணிக்கை பூஜ்ஜியம்

எஃப்எக்ஸ்3யூவில் எம்0 முதல் எம்499 வரை கரன்ட் போனால் அழிந்துவிடும், எம்500 முதல் நினைவில் நிற்கும். கவுன்டரில் சி100 முதல் சி199 வரை நிற்கும். எஸ்7-1200இல் டேட்டா பிளாக்கில் ரிடெய்ன் டிக் செய்ய வேண்டும். எஃப்எக்ஸ்3யூவின் பேட் (பேட்டரி) விளக்கு சிவப்பாக எரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். அதன் உள் மெமரியில் புரோகிராமே பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. முதலில் புரோகிராமை லேப்டாப்பில் காப்பி எடுங்கள். புது பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு பழையதைக் கழற்றுங்கள், இடையில் கிடைப்பது சில நொடிகள்தான்.

எப்போதாவது நிற்கிறது, போய்ப் பார்த்தால் ஓடுகிறது

இதுதான் ஆளைத் தின்கிற பழுது. ஒரு நூற்பாலையில் பேக்கிங் மெஷின் ஒன்று ராத்திரி ஷிப்ட்டில் இரண்டு மூன்று தடவை தானாக நிற்கும். ரீசெட் செய்தால் ஓடும். சென்சாரை மாற்றினார்கள், பிஎல்சி இன்புட்டை வேறு டெர்மினலுக்கு மாற்றினார்கள், நிற்பது நிற்கவில்லை. நான் போனபோது எல்லா இன்புட் விளக்கும் ஒழுங்காக எரிந்தது. லேடரில் ஒவ்வொரு சேஃப்டி இன்புட்டுக்கும் ஒரு செட் காயில் போட்டு, எது ஒரு கணம் அணைந்தாலும் அது நினைவில் நிற்கும்படி வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் பாதுகாப்புக் கதவு சுவிட்சின் பிட் மட்டும் ஒன்றாக இருந்தது.

கதவு சுவிட்ச் நல்ல நிலைமையில் இருந்தது. ஒயரை மெஷினிலிருந்து பேனல் வரைக்கும் தொடர்ந்து வந்து, பேனல் டெர்மினலில் விரலால் மெதுவாக இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. முனையைப் பார்த்தால் செம்பு இழைகள் புத்தம் புதிதாகப் பளபளத்தன, ஸ்க்ரூ கடித்த தடமே இல்லை. தடம் இருந்தது அதற்கு மேலே, சாம்பல் நிற இன்சுலேஷன்மேல், பல் பதிந்தது போல ஒரு குழி. ஒயரை ஆழமாக உள்ளே தள்ளி, ஸ்க்ரூவை பிளாஸ்டிக்கின் மேல் இறுக்கியிருக்கிறார்கள். செம்பு டெர்மினலின் ஓரத்தில் சும்மா உரசிக்கொண்டிருந்தது. பேனலுக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்ரஸர் ஓடும்போது அதிர்வில் ஒரு கணம் விட்டு ஒட்டும். ராத்திரியில் மட்டும் அந்தக் கம்ப்ரஸரை ஓட்டுவார்கள்.

ஒயரைச் சரியான நீளத்துக்கு உரித்து, ஃபெரூல் (ஒயர் முனையில் மாட்டும் குட்டி உலோகக் குழாய்) போட்டு இறுக்கினேன். அதே கையோடு அந்த வரிசையில் இருந்த எல்லா ஒயரையும் இழுத்துப் பார்த்தேன். இன்னும் மூன்று கையோடு வந்தன.